வரலாற்றுப் புதினமும் துப்பறியும் புதினமும்: பொதுவாசகர் நோக்கில் ஒரு திறனாய்வு

நூலகங்களில் அட்டை நைந்து, முதுகு பிரிந்து, மறுகட்டுக் கட்டப்பெற்று நிற்கும் தமிழ் நூல்கள் எவை என நோக்குவார்க்கு இருவகைப் புதினங்கள் தப்பாமற் கண்ணிற்படும். ஒன்று வரலாற்றுப் புதினம். மற்றொன்று துப்பறியும் புதினம். தமிழ்த் துறையினராகிய நாம் முன்னதை அரை மனத்தோடு பாடமாக வைக்கின்றோம்; பின்னதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகின்றோம். பொதுவாசகரோ இப்பாகுபாட்டை அறியார். ஒரு வாரம் கல்கியை எடுத்துச் செல்பவர் மறு வாரம் தமிழ்வாணனை எடுத்துச் செல்கின்றார். இருவரிடத்தும் அவர் தேடுவது ஒன்றே போலும் என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. அண்மையில் இவ்விருவகை நூல்கள் சிலவற்றை, குறிப்பெடுக்கும் நோக்கமின்றி, பொதுவாசகர் படிக்கும் முறையிலேயே அடுத்தடுத்துப் படித்தேன். அப்போது அவ்வையம் வலுப்பெற்றது.

இவ்விரு வகையும் தொடங்கும் இடம் ஒன்று: 'நடந்தது யாது?' என்னும் வினா. முடியும் இடமே வேறு. துப்பறியும் புதினம் அவ்வினாவிற்கு முற்ற முடிந்த விடை தருவதாக முதற் பக்கத்திலேயே உறுதி கூறுகின்றது. வரலாறு அத்தகைய உறுதி எதனையும் கூறுவதில்லை; சான்று செல்லும் தொலைவு வரை சென்று நின்றுவிடுகின்றது. வரலாற்றுப் புதினம் இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கின்றது. அஃது எவ்விடத்தில் நிற்கின்றது, எவ்விடத்தில் துணிந்து கடக்கின்றது என்பதைக் கொண்டே அதன் தகுதியை மதிப்பிடல் வேண்டும் என்பது என் துணிபு. நடை, வருணனை, பாத்திரப் படைப்பு என நாம் வழக்கமாகக் கொள்ளும் அளவுகோல்கள் இதற்குப் பின்னரே வருவன.

ஆராய்ந்து உண்மை காணும் வேட்கை தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் தீர்ப்பு நிற்பது ஒரு பொருட்சான்றின் மேல். தேவியின் சிலம்பின் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைந்த சிலம்பே உண்மையைக் கூறிவிடுகின்றது. வேறு சான்று வேண்டப்படவில்லை. பாண்டியன் செய்த தவறும் சான்று நோக்காது பொற்கொல்லன் உரையை ஏற்றதே. மணிமேகலையில் சமயக் கணக்கர்தம் திறம் கேட்கும் பகுதியில் அளவைகள் வகுத்துரைக்கப்படுகின்றன. காண்டல், கருதல், உரை என்னும் அச்சொற்களை ஈண்டுப் பயன்கொள்வது எளிது. துப்பறியும் புதினம் கருதலளவையால் நடந்து, குற்றவாளியின் ஒப்புதல் என்னும் காண்டலளவைக்கு நிகரான ஒன்றில் முடிகின்றது. வரலாற்றாசிரியனுக்கு அவ்விறுதிப் படி இல்லை. கல்வெட்டும் செப்பேடும் உரையே. அவ்வுரையினின்று அவன் கருதலாற் பெறுவதே வரலாறு. ஆயிரம் ஆண்டுக்கு முன் இறந்த கொலைஞன் எழுந்து வந்து ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

தமிழிற் துப்பறியும் கதையின் தொடக்கத்தைக் காணுமிடத்து இவ்விரு துறைக்கும் உள்ள உறவு வியப்பளிக்கின்றது. 1894இல் வெளிவந்த 'தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்' என்னும் நூல் இவ்வகையில் முன்னோடியாகக் கருதப்படுவது. அதனை எழுதியவர் பண்டித ச. ம. நடேச சாஸ்திரியார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் தந்தவர் என்ற வகையில் அவரை நாம் அறிவோம். அவர் தொல்பொருளாய்வுத் துறையில் பணி செய்தவர் என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. ஜேம்ஸ் பர்கெசுடன் இணைந்து அவர் வெளியிட்ட தமிழ், வடமொழிக் கல்வெட்டுகளின் தொகுதி 1886இல் வந்தது. கல்லில் தேய்ந்த எழுத்தைக் கூட்டிப் படித்துப் பழகிய ஒருவரே எட்டாண்டு கழித்துப் போலீசு நிபுணன் ஒருவனைப் படைத்தார். இதனைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒன்றினின்றே மற்றொன்று பிறந்தது என நிறுவுதற்கும் சான்று போதாது. இரண்டும் ஒருவர் கையில் ஒரே காலத்தில் வளர்ந்தன என்ற அளவில் நிற்போம்.

அவர்க்குப் பின் வந்தோர் கல்வெட்டை விட்டு ஆங்கிலப் புதினத்தைப் பற்றிக்கொண்டனர். ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்சு முதலானோரின் கதைகளைத் தமிழ்ச் சூழலுக்கு மாற்றித் தந்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வீட்டுப் பெயர்கள் ஆயினர். இவர்களின் இலக்கியத் தரம் பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. இவர்கள் தமிழ் வாசகர்க்கு ஒரு பழக்கத்தைக் கற்பித்தனர் என்பதே நமக்கு வேண்டுவது. மறைபொருள் ஒன்று உண்டு. அதற்கு விடை ஒன்று உண்டு. அவ்விடை நூலின் இறுதியில் உண்டு. அவ்விடையில் கெட்டவன் ஒருவன் உண்டு. இப்பழக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்குத் தேவன் படைத்த துப்பறியும் சாம்புவே சான்று. ஆராயாமலே, அசட்டுத்தனத்தாலும் நற்பேற்றாலும் சாம்பு குற்றவாளியைப் பிடித்துவிடுகின்றார். ஓர் இலக்கிய வகை நன்கு நிலைபெற்ற பின்னரே அதனை நகையாடுதல் இயலும். 1940களிலேயே அந்நகை ஆனந்த விகடன் வாசகர்க்கு எளிதில் விளங்கிற்று என்றால், அதற்குள் அவ்வகையின் இலக்கணம் அவர்க்கு மனப்பாடம் ஆகியிருந்தது என்பது போதரும்.

இவ்விலக்கணத்தை மனப்பாடமாகக் கொண்ட வாசகரிடமே கல்கி தம் வரலாற்றுப் புதினங்களைக் கொண்டு வந்தார். கல்கியின் புதினங்களை ஸ்காட்டு, தூமா ஆகியோரின் வழியில் வந்தனவாகக் கூறுவது வழக்கம். அது பொருந்தும். ஆயினும் அவற்றின் உறுப்புகளைப் பிரித்து நோக்குமிடத்துத் துப்பறியும் புதினத்தின் கருவிகளே மிகுதியாகப் புலப்படுகின்றன. நள்ளிரவுச் சதிக்கூட்டத்தை மறைந்திருந்து கேட்டல், மாறுவேடம், சுரங்க வழி, ஓலை, பனை முத்திரை மோதிரம், ஒற்றனாகத் திரியும் வைணவன் ஆகியன யாவும் அவ்வகையின. 'பார்த்திபன் கனவி'ல் சிவனடியார் யார் என்பதே வாசகரை இறுதிவரை இழுத்துச் செல்லும் மறைபொருள். அம்மறைபொருள் முற்றிலும் கற்பனையாதலின் அதற்கு ஆசிரியர் தெளிவான விடை தருவதில் குற்றம் ஏதுமில்லை, தந்தார். அந்நூல் அவ்வகையில் நிறைவானது.

'பொன்னியின் செல்வன்' அத்தகையதன்று. அதன் நடுவே கிடப்பது மெய்யாகவே நிகழ்ந்த கொலை. சுந்தர சோழனின் மூத்த மகனும் இராசராசனின் தமையனுமாகிய ஆதித்த கரிகாலன் கி. பி. 969ஐ ஒட்டிக் கொல்லப்பட்டான். 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்த இப்புதினத்தின் மூன்றாம் பாகத்திற்குக் 'கொலை வாள்' என்றே பெயர். தலைப்பே கொலையை அறிவித்துவிடுகின்றது. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் காத்திருந்த வாசகர், கோவிந்தனிடமும் திகம்பர சாமியாரிடமும் பழகியவர். அவர்க்கு விடை வேண்டும்.

கல்கி இவ்விடத்தில் செய்தது என்ன என்பதை நம் திறனாய்வாளர் போதிய அளவு கவனித்திலர். கடம்பூர் மாளிகையில், இருளில், கரிகாலன் வீழ்கின்றான். அவ்வறையிலும் அதன் சூழலிலும் நந்தினி இருக்கின்றாள், வந்தியத்தேவன் இருக்கின்றான், மணிமேகலை இருக்கின்றாள், பெரிய பழுவேட்டரையர் இருக்கின்றார், இரவிதாசனைச் சேர்ந்தவர் இருக்கின்றனர். குற்றம் நிகழும் இடத்தில் ஐயத்திற்குரியோரை ஒருங்கே கூட்டிவைத்து விளக்கை அணைப்பது துப்பறியும் கதையின் மிகப் பழைய உத்தி. அதுவரை கல்கி அவ்வகையின் இலக்கணத்தை எழுத்துப் பிசகாமற் பின்பற்றுகின்றார். அதன் பின்னரே மாறுகின்றார். துப்பறியும் கதையில் எல்லாரும் குற்றத்தை மறுப்பர். ஒருவன்பால் அது நிறுவப்படும். இங்கோ ஒருவர் பின் ஒருவராகக் குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொள்கின்றனர். மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகின்றாள். அவளைக் காக்க வந்தியத்தேவன் தன்மேல் ஏற்றுக்கொள்ள முற்படுகின்றான். பெரிய பழுவேட்டரையர் தம் கையெறிந்த கத்தியே காரணம் என்கின்றார். ஒப்புதல் பெருகப் பெருக உண்மை தொலைவில் ஒதுங்குகின்றது. ஒப்புதல் என்பது ஐயத்தை அறுக்கும் கருவி என்னும் நம்பிக்கையையே கல்கி இவ்வாறு தளர்த்திவிடுகின்றார். 'இன்னார்தாம் கொன்றார்' எனத் துணிந்து கூறும் இடம் ஒன்று அந்நூலில் இல்லை.

இதனை முடிச்சவிழ்க்கத் தெரியாமையால் நேர்ந்த குறை என்பாரும் உளர். முடிவு பொருந்தவில்லை என்று அக்காலத்து வாசகர் பலர் குறைப்பட்டனர் என்பதும், அவர்க்கு விடை கூறும் வகையில் ஆசிரியர் முடிவுரை எழுதிப் பாத்திரங்களின் பின்வரலாற்றைத் தொகுத்துரைத்தார் என்பதும் அறிந்ததே. ஆயின் அக்குறையே அந்நூலின் நேர்மை என்பேன். கதைமாந்தர் பின்னர் என்னாயினர் என்று கூற ஆசிரியர்க்கு உரிமை உண்டு. கரிகாலனைக் கொன்றவர் யார் என்று தீர்த்துரைக்கச் சான்று அவர்க்கு இடந்தரவில்லை. அவர் நின்றது அந்த எல்லையில்.

அச்சான்றைச் சிறிது நோக்குவோம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள கல்வெட்டே இக்கொலை பற்றிய தலையாய ஆவணம். இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினது என்று கொள்ளப்படுவது. அஃதாவது கொலை நிகழ்ந்து ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னையது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு மன்னன் விடுத்த ஆணை அதில் இடம்பெறுகின்றது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோர் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனக் குறிக்கப்பெறுகின்றனர். அவர்களுடையனவும் அவர்தம் உறவினர் பலருடையனவுமாகிய உடைமைகள் பற்றிய செய்தி வருகின்றது.

கல்வெட்டு கூறுவது இவ்வளவே. அது கூறாதவற்றை நோக்குக. கொலை எங்கு நிகழ்ந்தது என்று கூறவில்லை. எக்கருவியால் என்று கூறவில்லை. ஏன் என்று கூறவில்லை. கரிகாலனைப் பாண்டியன் தலைகொண்டவன் என்று அது சுட்டுவதைக் கொண்டு, பாண்டியன் கொலைக்குப் பழிவாங்கலே நோக்கம் என்று பலர் துணிகின்றனர். அஃது இளவரசனை அடையாளங் காட்டும் விருது. நோக்கத்தை அறிவிக்கும் தொடர் அன்று. நோக்கத்தை நாம் சேர்க்கின்றோம். ஏனெனில் நோக்கமில்லாத கொலையைத் துப்பறியும் கதை நமக்குக் கற்பிக்கவில்லை. இரவிதாசன் பிரமாதிராசன் என்னும் உயரிய பட்டம் பெற்ற அதிகாரி. கல்கியின் இரவிதாசனோ மந்திரவாதி, பாண்டியரின் ஆபத்துதவி, ஆந்தைபோற் கூவித் தன் கூட்டத்தாரை அழைப்பவன். அரசின் அகத்தே இருந்த ஒருவனை அரசின் புறத்தே நிறுத்தியதால் கதைக்குச் சுவை கூடிற்று; கல்வெட்டு எழுப்பும் கடிய வினா மறைந்தது. பட்டம் தாங்கிய அலுவலர்கள் இளவரசனைக் கொல்லத் துணிந்தது யார் வலிமையால்? பெரும்புதினத்தில் நான் காணும் உண்மையான குறை இதுவே.

அறிஞர்களோ இன்றுவரை ஒரு முடிபிற்கு வந்திலர். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1935இல் வெளிவந்த சோழர் வரலாற்றில் உத்தம சோழன்பால் ஐயங்கொண்டார். அவன் அரசுரிமையை விழைந்தான் என்றும், அருண்மொழி அவன்பொருட்டு விட்டுக்கொடுத்தான் என்றும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுவதே அவ்வையத்திற்கு அடி. அதே செப்பேடு ஆதித்தனின் இறப்பை விண்ணுலகு காணும் விருப்பால் நேர்ந்ததெனப் புனைந்துரைத்துக் கொலையை மூடிவிடுகின்றது. மெய்க்கீர்த்தியும் பிரசத்தியும் எவ்வளவு உரைக்கும், எவ்வளவு மறைக்கும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. தி. வை. சதாசிவ பண்டாரத்தார் சாஸ்திரியாரின் ஐயத்தை ஏற்கவில்லை. உத்தம சோழன் மேல் இப்பழியைச் சுமத்தற்கு இடமில்லை என்பது அவர் முடிபு. குடவாயில் பாலசுப்ரமணியன் அக்கல்வெட்டை மீள்பார்வை செய்து, அது தண்டனையை முதன்முதல் விதித்த ஆவணம் அன்று, முன்னரே கைக்கொள்ளப்பட்ட நிலத்தை விலைக்கு வாங்கி அறத்திற்கு விட்ட செய்தியே அதன் பொருள் என்னும் வகையில் விளக்குவார். அவ்விளக்கம் பொருந்துமாயின், உத்தமன் பதினைந்து ஆண்டு வாளாவிருந்தான் என்னும் குற்றச்சாட்டின் அடித்தளமே அசைகின்றது. ஒரு சொற்றொடரின் பொருளை மாற்றிக் கொண்டால் ஒரு மன்னன் கொலைப்பழியினின்று நீங்குகின்றான்.

இவற்றைப் பொதுவாசகர் அறிய வேண்டியது இன்றியமையாததா என்று வினவலாம். மணிரத்தினத்தின் திரைப்படங்கள் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த பின்னர் இவ்வினா ஒதுக்கற்கரியதாயிற்று. புதினத்தை முன்னர்ப் படியாதாரும் கரிகாலன் கொலையைப் பற்றி உறுதியோடு பேசுகின்றனர். நந்தினி கற்பனைப் பாத்திரம் என்றவிடத்து ஏமாற்றம் அடையும் மாணவர் பலர். இது தீங்கற்றது. தீங்குடையது பிறிதொன்று உண்டு. கல்வெட்டில் வரும் சில பெயர்களைக் கொண்டு, ஆயிரம் ஆண்டுக்கு முன் நிகழ்ந்த கொலைக்கு ஒரு வகுப்பினர் முழுவதையும் பொறுப்பாக்கிப் பேசுவோர் ஒருபுறம். அப்பழியை மாற்ற வேறொருவரைக் குற்றவாளியாக்கத் துடிப்போர் மறுபுறம். இரு திறத்தாரும் கையாள்வது துப்பறியும் புதினத்தின் இலக்கணமே. விடை ஒன்று இருந்தே ஆகவேண்டும். அவ்விடை ஒரு முகத்தையுடையதாக இருந்தே ஆகவேண்டும் என்பது அவர்தம் எடுகோள்.

துப்பறியும் புதினம் எழுதினோரே வரலாற்றை ஆராயப் புகுந்தபோதும் இவ்விலக்கணம் அவரை விட்டு நீங்கவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்கார் 1931இல் ஆங்கிலத்தில் பெருநூல் ஒன்று எழுதினார். ஆரியர், இயேசு, அல்லா ஆகியோர் பற்றிய வியத்தகு கண்டுபிடிப்புகள் எனத் தலைப்பிலேயே முரசறையும் நூல் அது. நெடுங்காலம் காணாமற் போன கண்ணிகளைத் தாம் கண்டுபிடித்துவிட்டதாக அவர் நம்பினார். சொல்லொலி ஒப்புமையே தடயம். தடயம் அகப்பட்டவுடன் தீர்ப்பு. திகம்பர சாமியாரின் கதையில் இம்முறை இன்பம் பயக்கின்றது. உலக வரலாற்றில் அதனைச் செலுத்தியவிடத்து நகைப்பிற்கு இடமாயிற்று. இன்று சொல்லொலி ஒப்புமை கொண்டு உலகத்து ஊர்களையெல்லாம் தமிழாக்குவோர் அவரை நகையாடுதற்குத் தகுதியுடையரா என்பது வேறு.

தமிழ்வாணனின் செய்தி இதனினும் கருதற்குரியது. சங்கர்லாலைப் படைத்த அவரே கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் எனத் தலைப்பிட்டு நூல் எழுதினார். ம. பொ. சிவஞானம் அவர்களின் நூலும், 1959இல் வந்த திரைப்படமும் கட்டபொம்மனை வீரனாக நிலைநாட்டியிருந்த காலச்சூழலில் எழுந்த மறுப்பு அது. ஆவணங்களைக் கேட்டல் வேண்டும் என்ற அவர் துணிவைப் பாராட்டலாம். ஆயினும் வினாவின் அமைப்பை நோக்குக: வீரனா, கொள்ளைக்காரனா? குற்றவாளிக் கூண்டில் ஒருவனை நிறுத்தித் தீர்ப்பு வேண்டுவதே அவ்வமைப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையக்காரர், நவாபு, கும்பினி ஆகியோரிடையே வரி தண்டும் உரிமை யார்க்கு என்பதே வழக்காக இருந்தது. ஒருவர் திறை என்றதை மற்றவர் கொள்ளை என்றார். அவ்வழக்கை ஆராயாமல் தனிமனிதனின் ஒழுக்கத்தை ஆராய்வது நூலுக்கு விறுவிறுப்பைத் தரும், வரலாற்றைத் தாராது.

எட்டயபுரத்தார்க்கு நேர்ந்ததும் இதுவே. கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமான் நிலப்பகுதியில் பிடிக்கப்பட்டு, கும்பினியாரிடம் ஒப்புவிக்கப்பட்டு, 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். ஆயினும் 'காட்டிக் கொடுத்தவர்' என்னும் பொருளில் தமிழ்ப் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்ட சொல் எட்டப்பன் என்பதே. எட்டயபுரம் கும்பினியோடு சேர்ந்து நின்றது மெய். பிடித்துக் கொடுத்த செயலோ வேறிடத்தது. இந்நுணுக்கம் எவர்க்கும் வேண்டப்படவில்லை. கதைக்கு ஒரு துரோகி வேண்டும். அவன் அண்டை ஊரானாக இருப்பின் கதை செறிவுபெறும்.

எட்டயபுரத்திற்கு வடக்கே சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி எனப் பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தில் அச்சங்குளம் என்னும் சிற்றூர் உள்ளது. நாட்டுக்கெல்லாம் பட்டாசும் நாட்காட்டியும் அனுப்பும் வட்டாரம் அது. பேருந்து நிலையக் கடைகளிற் தொங்கிய மாத நாவல்களும் கிளை நூலகங்களின் வரலாற்றுப் புதினங்களும் சென்று சேர்ந்த எண்ணற்ற ஊர்களுள் அதுவும் ஒன்று. ஈண்டு அவ்வூரைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அங்குள்ள பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபது பேரளவில் உயிரிழந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து விசாரணை மேற்கொண்டது. மருந்துக் கலவையின் உராய்வு என்று ஒரு காரணம் கூறப்பட்டது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் பிறர்க்கு உள்குத்தகையாக விடப்பட்டிருந்தன என்ற செய்தியும் வந்தது. ஓர் அறையில் இருத்தற்குரிய ஆட்களின் அளவு, மருந்தின் அளவு, துண்டுக் கூலி, கண்காணிப்பு எனப் பலவும் பேசப்பட்டன. சட்டம் பொறுப்புடையோரைத் தேடுதல் முறையே, தேடவும் வேண்டும். ஆனால் அவருள் ஒருவரைப் பிடித்தவுடன் 'நடந்தது யாது?' என்ற வினா முடிந்துவிட்டதாக அவ்வூரார் எவரும் எண்ணார். பல ஆண்டுகளாகப் பலர் கூடிச் செய்தவையும் செய்யாது விட்டவையும் ஓர் அறையில் ஒரு நொடியில் வந்து கூடின என்பதை அவர் பட்டறிந்தவர். அத்தகைய ஓர் ஊரின் வாசகர் கடம்பூர் மாளிகையின் இருளை நம்மினும் நன்கு படித்தல் கூடும். அதனை எவரும் அவரிடம் கேட்டதில்லை.

அதே வட்டாரத்து விசயகரிசல்குளத்தில் 2022 முதல் நடைபெற்ற வெம்பக்கோட்டை அகழாய்வில் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் கிடைத்தன. குழியினின்று வெளிப்பட்ட மறுநாளே இவை யார் நாகரிகத்திற்குச் சான்று என்னும் தீர்ப்பு வேண்டப்படுகின்றது. உடைந்த சங்கு வளையல், அவ்விடத்தில் வளையல் அறுத்தனர் என்று கூறும். அதற்கு மேல் அதனை வற்புறுத்தலாகாது.

இக்கால எழுத்தாளருள் இச்சிக்கலை அறிந்து கையாண்டவர் சுஜாதா என்று கூறத் தோன்றுகின்றது. 1857ஆம் ஆண்டின் கிளர்ச்சியைக் களமாகக் கொண்டு குமுதத்தில் அவர் 'கருப்பு சிவப்பு வெளுப்பு' என்னும் தொடரைத் தொடங்கினார். எதிர்ப்பெழுந்தமையால் அது நிறுத்தப்பட்டது. பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என்னும் பெயரில் வேறு வடிவில் வந்தது. வாசகர் வரலாற்றுப் புதினத்தைக் கற்பனையாகக் கொள்ளாமல் தம் முன்னோர் மீதான வழக்குரையாகவே கொண்டனர் என்பதை அவ்வெதிர்ப்புக் காட்டுகின்றது. 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யில் அவர் செய்த குறும்பு வேறு. தம் துப்பறியும் கதைகளின் கணேசையும் வசந்தையும் இராசராசன் காலத்திற்கு அனுப்பி, கணேச பட்டராகவும் வசந்தகுமாரனாகவும் உலவவிட்டார். இதனை வெறும் விளையாட்டு என்று கழித்தோர் பலர். விளையாட்டுத்தான், ஆயினும் உத்தி இதுவென்று வாசகர்க்கு வெளிப்படையாக அறிவித்துவிடும் விளையாட்டு. இருபதாம் நூற்றாண்டின் வழக்கறிஞர் சோழர் தெருவில் நடக்கக் காண்பவர், நூல் முழுதையும் வரலாறு என்று மயங்கார். சாண்டில்யனிடம் இவ்வெளிப்படை இல்லை. 'கடல்புறா'வின் சுவை மறுக்கற்பாலதன்று; எனினும் அதில் எது கல்வெட்டு, எது கற்பனை என்று பிரித்தறிய வாசகர்க்கு ஆசிரியர் ஒரு கைப்பிடியும் தருவதில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மப் புதினங்கள் பழங்கோயில், சித்தர் மரபு ஆகியவற்றைக் களமாக்கியபோது மறைபொருளே முதன்மை பெற்றது. வரலாறு திரைச்சீலையாக நின்றது. அவரிடம் வரலாற்றை எதிர்பார்ப்பது வாசகர் தவறாகும்.

முதுகலை வகுப்பில் 'பொன்னியின் செல்வ'னைப் பாடமாக வைக்குமிடத்து, ஐந்தாம் பாகத்தோடு உடையார்குடிக் கல்வெட்டின் முழுப் பாடத்தையும் உடன் வைத்தல் வேண்டும். மாணவர் முதலிற் கல்வெட்டைப் படித்து, அதனால் உறுதியாகப் பெறப்படுவன எவை, கருதலாற் பெறப்படுவன எவை, பெறப்படாதன எவை என்று மூன்றாகப் பகுத்து எழுதட்டும். பின்னர்ப் புதினத்தைப் படிக்கட்டும். மூன்றாம் பகுப்பில் அவர் எழுதியவற்றையெல்லாம் கல்கி எவ்வாறு நிரப்பினார், எவற்றை நிரப்பாது விட்டார் என்று ஒப்பிடும்போது, நடை பற்றியும் பாத்திரம் பற்றியும் நாம் உரைக்கும் பொதுவுரைகளினும் மிகுதியாக அப்புதினத்தை அவர் அறிவர். நடேச சாஸ்திரியாரின் தானவனையும், அவர் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுதியினின்று சில பக்கங்களையும் அதன் அருகில் வைக்கலாம். ஒரே கையெழுத்தில் இரண்டையும் காண்பது நன்று.